உப்பின் இப்பினா? போபோய்போயா?

நம் மாணவரிடையே ஓயாத வழக்கொன்று உண்டு. 'உப்பின் இப்பின்' சிறந்ததா, 'போபோய்போய்' சிறந்ததா என்பதே அது. இரண்டும் மலேசியர் கைவண்ணத்தில் உருவான தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்கள். முன்னது 2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் தொடங்கியது. பின்னது 2011இல் வந்தது.

மின்னல், காற்று, மண் ஆகியவற்றின் ஆற்றல் பெற்று, ஒருவனே மூவராய்ப் பிரிந்து வேற்றுலகப் பகைவரோடு போரிடும் போபோய்போயைக் கண்டு சிறுவர் துள்ளுவதில் வியப்பில்லை. அவன் நண்பன் கோபாலோ இந்தியச் சிறுவன். எப்பொருளையும் உண்பொருளாக மாற்றும் வல்லமை அவனுக்குண்டு. (பசி வேளையில் யார்தான் அதனை வேண்டார்!) ஆயினும் அச்சமும் பெருந்தீனியுமே அவன் அடையாளங்களாக அமைந்தது எமக்கு உவப்பாயில்லை. நம் பிள்ளைகள் அவனைக் கண்டு நகைக்கும்பொழுது, தம்மையே நகைக்கின்றனர் என்பதை அறிவரோ?

'உப்பின் இப்பின்' அவ்வாறன்று. பெற்றோரை இழந்த இரட்டையரைப் பாட்டியும் தமக்கையும் வளர்க்கின்றனர். அக்கம்பத்தில் முத்து என்பார் உணவுக்கடை நடத்துகிறார். அவர் மகன் ராஜு மாடு வளர்க்கிறான். ஊராருள் ஒருவராகவே அவர்கள் உலவுகின்றனர். பாட்டியிடம் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, விடியுமுன் பிரட்டுக்குச் செல்லும் நம் தோட்டத்துப் பெற்றோர்க்கு அவ்வீடு புதியதன்று.

ஆகவே எம் வாக்கு உப்பின் இப்பினுக்கே. கோபாலை விரும்பும் மாணவர், அவன் அஞ்சாது நின்ற காட்சிகளை எடுத்துக்காட்டி மறுத்துரைக்கட்டும், கேட்க ஆவலாயுள்ளோம்.