புழுவுக்கும் உண்டு அட்டெண்டன்ஸ்!

இந்த வாரம் கொஞ்சம் 'உவ்வே' மேட்டர். சாப்பிட்டு முடிச்சுட்டு வந்து படிங்க.

பிப்ரவரி 10 என்ன விசேஷம்? தேசிய குடற்புழு நீக்க நாள்! 2015-ல் 11 மாநிலம், யூனியன் பிரதேசங்களில் ஆரம்பிச்சு, அடுத்த வருஷமே நாடு முழுக்கப் போன திட்டம். புழு அதிகம் இருக்கிற மாநிலங்களுக்கு ஆகஸ்ட் 10-ம் உண்டு. எங்க அரியாங்குப்பத்து வாண்டுகள் டீச்சர் அதட்டலுக்குப் பயந்து மென்னு முழுங்குதே, அந்த அல்பெண்டசோல் மாத்திரைதான். 1 முதல் 19 வயசு வரை ஃப்ரீ. ஃபர்ஸ்ட் இயர் மக்களே, வயசுப்படி நீங்களும் லிஸ்ட்ல இருக்கீங்க. எனக்கு 20. ஸோ, அவுட்!

மாத்திரை எத்தனை போச்சுன்னு கணக்கு இருக்கு. புழு எத்தனை போச்சு? அதுக்கு மலத்தைத்தான் பார்க்கணும் பாஸ். கேட்டோ-காட்ஸ்னு ஒரு முறை. 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்து ஸ்லைடில் பரப்பி, மைக்ராஸ்கோப்பில் முட்டைகளை எண்ணுவாங்க. அதை 24-ஆல் பெருக்கினா, ஒரு கிராமுக்கு எத்தனை முட்டைன்னு வந்துடும். ஒரு மணி நேரம் லேட்டானாலே கொக்கிப்புழு முட்டை கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். நம்ம லேப் எக்ஸாம் டென்ஷன் எல்லாம் ஜுஜுபி!

அரிக்கமேட்டில் பானை ஓட்டை வச்சு ரோமாபுரி வியாபாரத்தையே கண்டுபிடிச்ச மாதிரி, இந்த முட்டைகளை வச்சுத்தான் நாட்டோட கிராஃப். 100 பிள்ளைகளில் 20 பேருக்குப் புழு இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திரை, 50 பேரைத் தொட்டா ரெண்டு தடவைங்கிறது உலக சுகாதார நிறுவனத்தோட கணக்கு. எண்ணிக்கை தப்பினா, மாத்திரையும் தப்பும்.

இன்னொரு சிக்கல். ரத்தத்தைக் குடிச்சு சோகையைக் கொண்டு வர்ற கொக்கிப்புழு, பெரியவங்க வயித்துலயும் ஜம்முனு குடியிருக்கும். ஸ்கூல் பிள்ளைகளை மட்டும் எண்ணினா அது மாட்டாது. அதனாலதான் வேலூர் சி.எம்.சி. 2017-ல் ஆரம்பிச்ச ஆய்வில், திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் பாதிப் பகுதிகளில் எல்லா வயசுக்காரங்களுக்கும் மூணு வருஷம் மாத்திரை கொடுத்து, மீதிப் பகுதிகளோட ஒப்பிட்டாங்க.

மாத்திரை, வயித்துல இருக்கிற புழுவைத்தான் விரட்டும். மண்ணுல இருக்கிறது பாதம் வழியா மறுபடி ஏறும். ஸோ, ஈர மண்ணுல வெறுங்கால் கிரிக்கெட் வேணாம். உங்க தம்பியோ தங்கச்சியோ ஸ்கூல்ல கொடுத்த டப்பாவோட வந்து நின்னா, 'ச்சீ'ன்னு கிண்டல் பண்ணாதீங்க. அந்த டப்பா திரும்பிப் போகலைன்னா, நாட்டோட கிராஃப்ல உங்க தெரு ஆப்சென்ட்!