பெயர் சுட்டா மரபும் பெயர் சொன்ன புலவரும்

கொள்ளுப்பிட்டியில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டமொன்றில் என் பழைய மாணவி ஒருத்தி, அமெரிக்கக் கறுப்பினப் புலவர் ஓட்ரி லோர்ட் பற்றி உரையாற்றினாள். உரை முடிந்ததும் மூத்த அன்பர் ஒருவர் எழுந்து, "பாட்டைச் சொன்னாற் போதாதா? அவர் பெண்களைக் காதலித்த பெண் என்பதை அவையிற் கூறுவானேன்? அகத்திலே பெயர் சுட்டலாகாது என்பதன்றோ தொல்காப்பியர் விதி?" என்று வினவினார். அந்நூலை முப்பதாண்டு கற்பித்த யான் விடையிறுக்கக் கடமைப்பட்டேன்.

அவ்விதி பாட்டினுள் வரும் காதலர் பெயரை விலக்கிற்று. பாடினோர் வாழ்வை மறைக்குமாறு எங்கும் பணிக்கவில்லை. தலைவனைத் தேடி அலைந்த வெள்ளிவீதியாரை, ஔவையார் அகநானூற்று 147ஆம் பாட்டிலே பெயர் கூறியே உவமித்தார். ஒரு புலவரின் துயரம் மற்றொரு புலவர்க்கு உவமையாயிற்று; அதனால் அகத்தின் மாண்பு குன்றவில்லை.

லோர்ட் 1934இல் நியூயோர்க்கில், கரிபியன் தீவுகளிலிருந்து குடியேறிய பெற்றோர்க்குப் பிறந்தவர்; நூலகராயிருந்து பேராசிரியரானவர். வெள்ளையர் மிகுந்த பெண்கள் இயக்கத்தில் நிறத்தையும், கறுப்பினத்தார் நடுவே தம் காதலையும் அவர் மறைக்கவில்லை. கறுப்பர், தாய், பெண்ணை நேசிக்கும் பெண், புலவர் என யாவற்றையும் சேர்த்தே தம்மை அறிவித்தார். மார்பகப் புற்றுநோய்க்கு 1978இல் அறுவை செய்த பின், இழந்த மார்பைச் செயற்கை உறுப்பால் மறைக்கவும் மறுத்தார். அந்நோயனுபவத்தை 1980இல் நூலாக்கினார். 1992இல் மறையும்போது அவர் நியூயோர்க் மாநிலத்தின் அரசவைக் கவிஞர்.

வாழ்க்கைச் செய்தி பாட்டை விழுங்கிவிடக்கூடாது என்ற அன்பரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் காதலி ஒருத்தியை நோக்கிப் பாடிய பாட்டை, ஆடவனை நோக்கியதாக மாணவர் கொள்ள விடுவது உரையாசிரியர் செய்யத் தக்கதா? அது பிழையுரை.

நம் நாட்டில் இம்மௌனம் இலக்கியத்தோடு நிற்பதில்லை. ஆங்கிலேயர் 1883இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் பிரிவொன்று, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண்களையும் தன்னுள் அடக்கிற்று. அக்குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என 2023இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. நீதிமன்றம் பேசிய பொருளை வகுப்பறை பேச அஞ்சலாமோ?

யானும் பல்லாண்டு இத்தகைய இடங்களை 'தேர்வுக்கு வேண்டா' என்று கூறிக் கடந்தவனே. கடைசி வாங்கிலிருந்து அதனைக் கேட்டிருந்த மாணவி எவளேனும், தன் வாழ்வே வேண்டாததென்று எண்ணியிருப்பாளோ என்பதே இன்று என்னை உறுத்துகின்றது.