நாற்பது லிட்டருக்குப் பின்னால்

மைசூர் தசரா என்றால் வெளியூர்க்காரர்களுக்கு யானையும் தங்க அம்பாரியும்தான். அதே நாட்களில் நகரின் ஜே.கே. மைதானத்தில் விவசாயிகள் தசரா என்று ஒன்று நடக்கிறது. அதில் பால் கறக்கும் போட்டிக்கு எப்போதும் நல்ல கூட்டம். கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாய் இருக்கும் ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன் கலப்பினப் பசுக்கள் லாரிகளில் வந்து இறங்குகின்றன. பரிசு வாங்கும் மாடு ஒரே நாளில் முப்பது லிட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. நாற்பதைத் தொட்ட மாடுகளும் உண்டு. வீட்டில் ஒரு நாட்டு மாடு வைத்துக்கொண்டு வேளைக்கு ஒரு செம்பு கறந்த தலைமுறைக்கு இது கண்கட்டு வித்தை.

ஆனால் போட்டியை ஜெயிப்பதில் இனத்துக்கும் தீவனத்துக்கும் இருக்கும் பங்கு காலண்டருக்கும் உண்டு. கன்று ஈன்ற ஆறாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள் பசுவின் பால் உச்சத்தைத் தொடும். அதன்பின் மாதத்துக்கு மாதம் இறக்கம்தான். புரட்டாசியில் கோப்பை வாங்க வேண்டுமானால் மாடு ஆடிக் கடைசியிலோ ஆவணி முதலிலோ ஈன்றிருக்க வேண்டும். சினைக்காலம் சுமார் 280 நாள். அப்படியானால் போன தசரா முடிந்த சில வாரங்களுக்குள் சினை ஊசி போட்டிருக்க வேண்டும். மைதானத்தில் தெரிவது பசுவின் வருடத்தில் ஒரே ஒரு வாரம். மீதமிருக்கும் ஐம்பத்தொரு வாரம் எப்படிப் போகிறது என்பதில்தான் ஹுன்சூரிலும் நஞ்சன்கூட்டிலும் டி.நரசிபுரத்திலும் ஒன்றிரண்டு மாடுகளோடு பிழைக்கும் குடும்பங்களின் கணக்கு அடங்கியிருக்கிறது.

நாற்பது லிட்டர் பால் என்றால் என்ன? ஏறக்குறைய இரண்டு கிலோ சர்க்கரை, ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் கொழுப்பு, ஒன்றேகால் கிலோ புரதம். இத்தனையும் தினந்தோறும் மடி வழியாக வெளியேறுகிறது. சிக்கல் எங்கே என்றால், பால் உச்சத்தைத் தொடும்போது பசி உச்சத்தைத் தொடுவதில்லை. பசுவின் பசி பாலைவிட ஒரு மாதமோ அதற்கு மேலோ பின்தங்கி வருகிறது. இடைப்பட்ட நாட்களில் அது தன் உடம்பையே கரைத்துப் பால் தருகிறது. முதுகெலும்பு துருத்தும், இடுப்பு குழி விழும். ‘நன்றாகக் கறக்கிற மாடு அப்படித்தான் இருக்கும்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது பாதி உண்மை.

இந்தக் கட்டத்தில் மாட்டின் போக்கே மாறிவிடுகிறது. தொட்டியை விட்டு நகராது. பக்கத்து மாட்டைத் தள்ளிவிட்டுத் தின்னும். ஒரு பசு நாளில் பத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரம் படுத்திருக்க விரும்பும். அசை போடுவதில் பெரும்பகுதியும் அப்போதுதான். புதிதாக ஈன்ற, நிறையக் கறக்கிற மாடோ தின்பதற்காக அந்த ஓய்வைக் குறைத்துக்கொள்கிறது. தீவனம் போதாமலும் உடல் கொழுப்பு அளவு மீறிக் கரைந்தும் போனால் ரத்தத்தில் கீட்டோன்கள் சேரும். மூச்சில் பழம் அழுகியது போன்ற ஒரு இனிப்பு வாடை வரும். சில மாடுகள் விசித்திரமாக நடக்க ஆரம்பிக்கும். சுவரையும் கயிற்றையும் நக்கும், வெறும் வாயை மெல்லும், சுற்றிச் சுற்றி வரும், தொட்டால் சீறும். வெறிநாய் கடித்துவிட்டதோ என்று வீட்டில் பயந்து போவார்கள். உண்மையில் அதற்கு வேண்டியது குளுக்கோஸ்.

இன்னொன்று இதைவிட வேகமானது. ஈன்ற மூன்று நாட்களுக்குள் மாடு திடீரென்று தள்ளாடிப் படுத்துவிடும். தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். காது ஜில்லிட்டிருக்கும். பால் காய்ச்சல் என்று பெயர், ஆனால் காய்ச்சலே இருக்காது. சீம்பாலுக்காக ரத்தத்திலிருந்து கால்சியம் திடீரென்று உறிஞ்சப்பட்டதன் விளைவு இது. நரம்பில் கால்சியம் ஏற்றினால் சாகக் கிடந்த மாடு ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்பதும் உண்டு. டாக்டர் வர அரை நாள் ஆகிவிட்டால் எழுபது, எண்பதாயிரம் ரூபாய்ச் சொத்து போய்விடும். முதல் ஈற்றில் இது அபூர்வம். மூன்றாவது, நான்காவது ஈற்றில்தான் வரும். மாடு நன்றாகப் பழகிவிட்டது, இனிக் கவலையில்லை என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிற சமயம் அது.

மைசூர் சீமை எப்போதுமே மாடுகளுக்குப் பேர்போனதுதான். ஆனால் அந்தப் பேர் பாலுக்காக வந்ததல்ல. 1672 முதல் 1704 வரை ஆண்ட சிக்கதேவராஜ உடையார் அரண்மனை மாடுகளுக்கென்று ஒரு துறை வைத்திருந்தார். பெண்ணெ சாவடி, அதாவது வெண்ணெய்ச் சாவடி. ஹைதர் அலி அந்த மாடுகளைப் பீரங்கி இழுக்கப் பழக்கினார். திப்பு சுல்தான் துறையின் பெயரை அம்ருத் மஹால் என்று மாற்றினார். மாடுகள் மேய்வதற்கென்று ராஜ்யம் முழுவதும் ஒதுக்கப்பட்ட புல்வெளிகளுக்குப் பெயர் ‘காவல்’. சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் படை நடத்தினாரே, அது இந்தக் காளைகளால்தான் முடிந்தது என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு ஆங்கிலேயர்களும் இந்த மந்தைகளை விடவில்லை. 1860இல் சிக்கனம் என்று சொல்லி விற்றார்கள், சில வருடங்களிலேயே வருந்தித் திரும்பச் சேர்க்கத் தொடங்கினார்கள். இன்று மீதமிருக்கும் அம்ருத் மஹால் மாடுகளுக்குச் சிக்கமகளூர் மாவட்டத்து அஜ்ஜம்புரா பண்ணைதான் தாய்வீடு.

வெண்ணெயின் பெயரில் தொடங்கிய துறையின் மாடுகள் கறவைக்கு உதவவில்லை என்பது ஒரு வேடிக்கை. திறந்த வெளியில் பாதிக் காட்டு மிருகமாக வளர்ந்த அந்தப் பசுக்கள் கன்றுக்கு மட்டும்தான் மடி இறக்கின. மனிதன் கிட்டே வந்தால் கொம்பைத் தாழ்த்தின. அவற்றின் உறவான ஹள்ளிகரும் நம் காங்கேயமும் அவ்வளவு மூர்க்கமில்லை என்றாலும், கன்று ஊட்டாமல் கறக்க விடுவது கடினம். இதைப் பிடிவாதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மடி அமைந்திருக்கும் விதமே அப்படி. பாலில் ஐந்தில் நான்கு பங்கு நுண்ணிய பைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கை வைத்து இழுத்தால் வருவது காம்புக்கு மேலே தேங்கியிருக்கும் மீதிதான். உள்ளே இருப்பது இறங்க மூளையிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் வர வேண்டும். காம்பில் கன்றின் நாக்கு பட்டால் வரும், தண்ணீர் தெளித்து மடியைத் தடவினால் வரும், பழகிய மாட்டுக்குத் தவிட்டு வாளியின் சத்தம் கேட்டாலே வரும். வந்தால் ஐந்தாறு நிமிடம்தான் நிற்கும்.

பயம் வந்தால் இது வராது. 1941இல் அமெரிக்காவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கறக்கும் பசுவின் முதுகில் பூனையை ஏற்றி வைத்தார்கள், காகிதப் பைகளை ஊதி வெடித்தார்கள். பால் நின்றுபோனது. கிராமத்தில் ‘மாடு பாலை எக்கிக்கொள்கிறது’ என்று பாட்டிமார் சொல்லி வந்ததற்கு ஆய்வுக்கூடச் சான்று கிடைத்தது. இதை வைத்துப் பார்த்தால் ஒலிபெருக்கியும் கூட்டமுமாக இருக்கும் தசரா மைதானத்தில் நாற்பது லிட்டர் கொடுக்கிற மாட்டைவிட, அதை அந்த அளவுக்கு மனிதர்களோடு பழக்கியவருக்குத்தான் பரிசு கொடுக்க வேண்டும்.

மாடு எக்கிக்கொண்டால் மனிதன் சும்மா இருப்பதில்லை. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாயின் முன்னால் நிறுத்துவது பழைய வழி. அது ஏமாற்று என்றாலும் மாட்டுக்கு வலிக்காது. கல்கத்தாவில் இருந்தது வேறு முறை. பசுவின் பிறப்புறுப்பில் காற்றை ஊதிப் பால் இறக்கும் ‘பூக்கா’. அந்தக் கொடுமையை அறிந்ததும் காந்தி 1912இல் பாலையே விட்டதற்கு ஒரு காரணம். பசுவை விட்டவர் பசு வளர்ப்பை விடவில்லை. 1927இல் மைசூர் சமஸ்தானத்தின் விருந்தாளியாக உடல்நிலை தேற வந்தவர், பெங்களூரிலிருந்த இம்பீரியல் பால்பண்ணை நிலையத்துக்குப் போய் மாடு வளர்ப்பைப் பாடமாகக் கற்றுக்கொண்டார். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் பூக்காவையும், உடல்நலத்தைக் கெடுத்துப் பால் கறப்பதற்காகப் போடும் ஊசியையும் குற்றமாக்குகிறது.

அந்த ஊசி ஆக்ஸிடோசின்தான். 1953இல் வின்சென்ட் டு விக்னோ அதை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கினார், இரண்டு ஆண்டில் நோபல் பரிசும் வாங்கினார். பிரசவித்த பெண்களை ரத்தப்போக்கிலிருந்து காப்பாற்றும் அந்த மருந்து, தெருமுனைக் கடைகளில் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் மாட்டு ஊசியாக விற்றது. 2018இல் மத்திய அரசு தனியார் யாரும் உள்நாட்டு விற்பனைக்கு அதைத் தயாரிக்கக் கூடாது, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பொதுத்துறை நிறுவனமான கர்நாடகா ஆன்டிபயாடிக்ஸ் மட்டும் தயாரிக்கலாம் என்றது. தாய்மார்களுக்கு மருந்து கிடைக்காமல் போகும் என்று எதிர்ப்பு கிளம்பியது. அந்த ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. இந்தச் சண்டையில் ஒன்றை யாரும் அதிகம் பேசவில்லை. ஊசிக்கு ஏன் தேவை வருகிறது? பெரும்பாலும் கன்று இல்லாததால். கலப்பினக் காளைக் கன்றுக்கு ஏரிலும் வண்டியிலும் வேலை இல்லை. அது குடிக்கும் பாலுக்கு விலை உண்டு, அதற்கு விலை இல்லை. அப்படிக் கைவிடப்படுபவற்றுக்குச் சாமுண்டி மலையடிவாரத்துப் பிஞ்சரப்போல் புகலிடம் தரலாம், அதுவும் இடம் இருக்கிறவரை. தாய்க்கு ஊசி பழகிவிட்டால் பிறகு ஊசி இல்லாமல் பால் இறங்காது.

உச்சம் கடந்த பிறகு மாடு சாந்தமாகிறது. தின்பதும் கறப்பதும் சமனாகி உடம்பு தேறுகிறது. ஈன்ற இரண்டு, மூன்று மாதங்களில் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். இங்கேயும் நிறையக் கறக்கும் மாடுதான் சிரமப்படுத்தும். சினைப் பருவம் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வரும். சாதாரண மாடு கத்தும், மற்ற மாட்டின் மேல் தாவும், கண்ணாடி போல் சளி ஒழுகும். பாலில் சக்தியெல்லாம் கரைந்த மாட்டுக்கு இந்த அடையாளங்கள் சில மணி நேரமே இருக்கும், அதுவும் நடுராத்திரியில் வந்து விடியுமுன் போய்விடலாம். ஊமைப் பருவம் என்று இதைச் சொல்வார்கள். ஒருமுறை தவறினால் இருபத்தொரு நாள் தீவனம் வீண். ஒற்றை மாட்டைக் கட்டி வைத்திருக்கும் வீட்டில் மேலே தாவ இன்னொரு மாடும் இல்லை. அதனால் தொழுவத்தில் காலையும் மாலையும் நிற்கும் பெண்தான் இதைக் கண்டுபிடிக்கிறாள். சங்கத்துப் புத்தகத்தில் பெயர் யாருடையதாக இருந்தாலும் சரி.

ஏழாவது, எட்டாவது மாதத்தில் மடி பாதிதான் நிறையும். குறைந்த பால் இருக்கும் மடியில் ஆக்ஸிடோசின் வேலை செய்யவும் நேரம் பிடிக்கிறது. உச்சத்தில் முக்கால் நிமிடத்தில் பால் இறக்கிய அதே மாடு இப்போது இரண்டு நிமிடம் தடவினால்தான் இறக்கும். பொறுமையில்லாமல் வெறும் காம்பை இழுத்தால் உதை விழும், காம்பும் புண்ணாகும். அதைக் கெட்ட குணம் என்று அடிப்பவர்கள் உண்டு. மாடு அதிக நேரம் படுத்திருக்கும், சோம்பேறி போலத் தெரியும். அடுத்த கன்று உள்ளே வளர்கிறது. ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறப்பதை அடியோடு நிறுத்தி வற்றவிட வேண்டும். அந்த அறுபது நாளில்தான் மடித் திசு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. அதில் பாதியைத் திருடினாலும் அடுத்த ஈற்றின் பால் குறைகிறது.

ஆனால் பணம் இந்த நாட்களைப் பார்ப்பதில்லை. கர்நாடக அரசு 2008இல் கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுவோருக்கு லிட்டருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. 2016இல் அது 5 ரூபாயானது. நல்ல திட்டம்தான், பல குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. எனினும் லிட்டருக்குத்தான் பணம். உச்சத்தில் இருக்கும் மாட்டுக்குச் சங்கத்து விலையும் உண்டு, அரசு ஊக்கமும் உண்டு. வற்றிய மாட்டுக்கு இரண்டுமே பூஜ்யம். அதனால் கையில் காசில்லாத வீடு முதலில் குறைப்பது வற்றிய மாட்டின் தீவனத்தைத்தான். சும்மா நிற்கிற மாட்டுக்கு வைக்கோல் போதாதா என்று. வயிற்றில் கன்று வேகமாக வளர்வதும், இரண்டு மாதம் கழித்து வரப்போகும் உச்சத்துக்கு உடம்பு தயாராவதும் இந்தச் சும்மா நிற்கிற காலத்தில்தான்.

ஈனும் நாள் நெருங்கும்போது வாலின் இரு பக்கமும் சதை தளர்ந்து குழியும். மாடு மந்தையை விட்டு ஒதுங்கும். கட்டுத்தறியில் இருந்தால் கயிற்றின் கடைசிவரை விலகி மூலையில் நிற்கும். அசை போடுவது குறையும். படுக்கும், எழும், திரும்பிப் பின்பக்கத்தைப் பார்க்கும். கன்று விழுந்ததும் ஒரு நிமிடம்கூட ஓயாமல் நக்கிக் காய வைக்கும். முதல் ஈற்றுக் கிடேரிகள் சில சமயம் மிரண்டு கன்றை உதைப்பதுண்டு. கன்றின் மேல் கொஞ்சம் உப்பைத் தூவி வைத்தால் நக்க ஆரம்பித்துவிடும். பிறகு சீம்பால். மைசூர்ப் பக்கம் அதை கின்னு என்பார்கள், வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்தால் தெருவே கேட்டு வரும். முதல் சில மணி நேரத்தில் அது கன்றின் வயிற்றுக்குள் போயாக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தி தாயிடமிருந்து கர்ப்பத்தில் கன்றுக்கு வருவதில்லை, இந்தப் பாலில்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உள்ளே விடாது. கன்று குடித்தது போக மீதியை வீட்டார் பங்கு போட்டுக்கொள்ளலாம். சங்கத்தில் ஊற்ற இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.