சுமக்கத் தகுந்த பை

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள் பெரியோர். இன்று அந்தக் கணக்கில் பைக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் போலிருக்கிறது! விடுமுறை முடிந்து விடுதி திறக்கும் நாளில் பள்ளி வாயிலருகே சற்று நின்று பாருங்கள். சக்கரம் வைத்த பெட்டிகள், மின்னும் பிரயாணப் பைகள், தோளில் தொங்கும் டஃபிள் பைகள் என்று எத்தனை விதம்! வந்திறங்கும் தோழியின் முகத்தைப் பார்க்குமுன் அவள் கையிலுள்ள பையைப் பார்க்கும் பழக்கம் நம்மில் பலருக்கு வந்துவிட்டது.

இதைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. எங்கள் வகுப்புச் சுற்றுலாவிற்கு ஒரு தோழி வரவில்லை. காய்ச்சல் என்றாள், நம்பினோம். பணம் கட்டியிருந்தாள், பெற்றோரின் அனுமதியும் இருந்தது. பல வாரங்கள் கழித்தே உண்மை தெரிந்தது. உரச்சாக்கில் தைத்த பை ஒன்றுதான் அவள் வீட்டில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு எங்கள் நடுவே பேருந்தில் ஏறக் கூசியிருக்கிறாள். அவளை நாங்கள் ஒருநாளும் கேலி செய்ததில்லை. ஆனால் சுற்றுலாவிற்கு முந்தின வாரம் முழுவதும், “உன் பை என்ன விலை? என் பை எந்தக் கடை?” என்று அவள் காதுபடப் பேசியவர்கள் நாங்கள்தாமே! ஒரு பை ஒரு பெண்ணின் மகிழ்ச்சியைத் தடுத்துவிட்டது. குற்றம் பையினுடையதா, நம்முடையதா?

பை வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. நல்ல பை எது என்று அறிந்துகொண்டால், வீண் பெருமைக்கும் வீண் வெட்கத்திற்கும் இடமிராது என்பதே நம் கருத்து.

டஃபிள் என்பது பெல்ஜியம் நாட்டில் ஆண்ட்வெர்ப் மாகாணத்திலுள்ள ஓர் ஊரின் பெயர். அந்த ஊரின் பெயரால் வழங்கிய முரட்டுக் கம்பளித் துணியிலிருந்து இந்தப் பைக்குப் பெயர் வந்தது. பிற்காலத்தில் கம்பளி போய்க் கித்தான் வந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கப்பலோட்டிகளும் படைவீரர்களும் தங்கள் உடைமைகளை எல்லாம் இந்த உருளைப் பையில் திணித்துத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாம் உலகப் போரின் படங்களில் இதைக் காணலாம். ஆக, இது பிறந்தது உழைப்பாளிகளின் தோளில். கடைக் கண்ணாடிக்குள் அன்று! நம் பாட்டிமாருக்கு டிரங்குப் பெட்டியும் ஹோல்டாலும் எப்படியோ, அப்படித்தான் அவர்களுக்கு இது.

பை வாங்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது அளவு. இதற்குக் கடைக்காரரை நம்ப வேண்டியதில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். குறுக்களவு 28 செ.மீ., நீளம் 50 செ.மீ. உள்ள உருளைப் பையின் கொள்ளளவு என்ன? 22/7 பெருக்கல் 14 பெருக்கல் 14 பெருக்கல் 50. விடை 30,800 கன செ.மீ.; அதாவது 30 லிட்டருக்குச் சற்று அதிகம். விளையாட்டுப் பயிற்சிக்கும், இரண்டு நாள் தியானத்திற்கும், வார இறுதியில் ஊருக்குப் போய்வரவும் இது தாராளம். குறுக்களவு 35, நீளம் 60 என்றால் கொள்ளளவு ஏறத்தாழ 58 லிட்டராகிவிடும். அளவுகளில் சிறிதே கூட்டினோம். கொள்ளளவோ இரு மடங்கை நெருங்கிவிட்டது! பை பெரிதானால் அதை நிரப்ப மனம் தேடும்; நிரம்பினால் தோள் நோகும். விரலுக்குத் தகுந்த வீக்கமே நல்லது.

இரண்டாவது, உழைப்பு. கடையில் ‘600 டெனியர்’ என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுவே டெனியர். எண் கூடினால் நூல் தடிமன் என்று பொருள். ஆனால் துணி மட்டும் தடித்தால் போதாது. பை பெரும்பாலும் கிழிவது துணியிலன்று, தையலிலும் ஜிப்பிலுமே. ஆகவே கைப்பிடி நாடா பையின் அடிப்பக்கம் வரை சுற்றிவந்து தைக்கப்பட்டிருக்கிறதா, நாடா சேரும் இடத்தில் சதுரமாகவும் குறுக்காகவும் தையல் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். ஜிப்பைப் பத்து முறை திறந்து மூடுங்கள். வளைவில் திக்கினால், விலை எவ்வளவானாலும் அது வேண்டாம். பையை உள்புறம் திருப்பி, பிசிறு தெரிகிறதா என்றும் கவனியுங்கள்.

மூன்றாவது, சுமை. பள்ளிப் பையின் எடை மாணவியின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்று மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை கூறுகிறது. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாலரைக் கிலோ. டஃபிள் பை ஒற்றைத் தோளில் தொங்குவது. ஆகவே பாடப் புத்தகங்களை அன்றாடம் அதில் சுமப்பது தகாது. அவை இரண்டு தோளிலும் மாட்டும் பைக்கே உரியவை. விளையாட்டு உடை, காலணி, துண்டு, தையல் வகுப்புச் சாமான், நடனப் புடவை போன்றவைதாம் இதற்கேற்றவை. நீண்ட வாரை மார்புக்குக் குறுக்கே போட்டுக்கொண்டு, அவ்வப்போது தோள் மாற்றிக்கொள்ள வேண்டும்.

அழகு வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும்! கருநீலம், காப்பிப்பொடி நிறம், பாசிப்பச்சை ஆகியவை சீருடைக்கும் பொருந்தும், பாவாடை தாவணிக்கும் சுடிதாருக்கும் பொருந்தும். புகைவண்டித் தூசியையும் எளிதில் காட்டிக்கொடுக்கா. கைப்பிடியில் ஒரு வண்ண நாடா கட்டினால், பேருந்தின் கூரையில் நாற்பது பைகள் இருந்தாலும் நம்முடையதைக் கண்டுகொள்ளலாம். ஓரத்தில் நம் கையால் போட்ட சங்கிலித் தையல் பூ ஒன்று எந்தக் கம்பெனி முத்திரையையும் விட அழகு. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது பைக்கும் பொருந்தும். மாதம் ஒருமுறை உதறி, துடைத்து, வெயிலில் காயவைத்தாலே பாதி அழகு வந்துவிடும்.

அடுக்குவதிலும் முறை உண்டு. உடைகளைச் சுருட்டி வைத்தால் உருளைப் பையில் இடம் மிஞ்சும். காலணிகளைத் துணிப் பையிலிட்டு ஒரு கோடியில் வைத்தால், பளுவான மற்றப் பொருள்களை நடுவில் அடியில் வைக்கலாம். சீப்பு, மருந்து, செபமாலை மூன்றும் வெளிப் பையில் இருக்கட்டும். அழுக்குத் துணிக்கென்று ஒரு மஞ்சள் பையும் உடன் வரட்டும். 2019 சனவரி முதல் நாளிலிருந்து நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பைகளுக்குத் தடை இருப்பதை மறக்கலாமா?

“விலை கொடுத்து வாங்கினால்தான் நெடுநாள் உழைக்கும்” என்று பெற்றோரில் சிலர் சொல்வதுண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. மலிவான ஜிப் மழைக்காலத்திற்குள் மூச்சை விட்டுவிடும். ஆனால் விலையில் ஒரு பங்கு துணிக்கு, ஒரு பங்கு தையலுக்கு, மீதி முத்திரைக்கு! முதல் இரண்டிற்குக் கொடுப்பதில் தவறில்லை. மூன்றாவதற்குக் கொடுப்பது, பக்கத்து வீட்டாரின் கண்களுக்குக் கொடுக்கும் பணம் அல்லவா?

இங்கே நாம் ஒரு யோசனை சொல்ல விரும்புகிறோம். மேலே சொன்ன 30 லிட்டர்ப் பைக்கு எவ்வளவு துணி வேண்டும்? சுற்றளவு 88 செ.மீ.; தையலுக்கு விட்டு உடல்பகுதிக்கு 92-க்கு 54 செ.மீ. துண்டு ஒன்று. இரு கோடிகளுக்கும் 31 செ.மீ. குறுக்களவில் இரண்டு வட்டங்கள். 90 செ.மீ. அகலக் கித்தானில் ஒரு மீட்டர் வாங்கினால் இவையெல்லாம் அடங்கிவிடும். அத்துடன் நாலு மீட்டர் கட்டில் நாடா, ஒரு ஜிப், உரமான நூல், அவ்வளவுதான். நம் தையல் வகுப்பில் கைக்குட்டைக்கு ஓரம் அடித்துப் பழகிய கைகள் இதைத் தைக்கமாட்டாவா? ஆண்டுக்குப் பத்துப் பைகள் தைத்து நூலகப் புத்தகம்போல் ஓர் அலமாரியில் வைத்தால், சுற்றுலாவிற்கும் முகாமிற்கும் யார் வேண்டுமானாலும் எடுத்துச் சென்று, துவைத்துத் திருப்பித் தரலாம். வசதியுள்ளவர்களும் அதையே எடுக்க வேண்டும். அப்போதுதான் அது தருமப் பையாகத் தோன்றாமல் பள்ளிப் பையாக விளங்கும். அருட்சகோதரிகளும் ஆசிரியைகளும் இதற்கு இசைவு தருவார்களென்று நம்புகிறோம்.

சென்ற ஆண்டு எங்களுக்கு மறைக்கல்வி கற்பித்த சகோதரி ஒருவர் வேறு ஊருக்கு மாற்றலாகிச் சென்றார். சாமான்களைத் தூக்கிவிட நாலு பேர் போட்டி போட்டுக்கொண்டு ஓடினோம். இருந்தது ஒரே ஒரு பழைய கித்தான் பை. “இவ்வளவுதானா சிஸ்டர்?” என்று கேட்டோம். “இதிலேயே பாதி நீங்கள் கொடுத்த வாழ்த்து அட்டைகள்தாம் பிள்ளைகளே!” என்று சிரித்தார். நாலு பேர் தூக்க வந்த பையை ஒருத்தி ஒரு கையால் தூக்கி ஆட்டோவில் வைத்தாள். பன்னிரு சீடரை அனுப்பியபோது வழிக்குப் பையும் வேண்டாமென்று நம் ஆண்டவர் பணித்ததை மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வாசித்திருக்கிறோம். அதன் பொருள் அன்றுதான் எங்களுக்குச் சற்று விளங்கியது.

நாம் அந்த அளவிற்கு இன்னும் உயரவில்லை. நமக்குப் பை வேண்டும்தான். ஆனால் அது நம் தோளுக்குத் தகுந்ததாக, நம் வீட்டு வரவுக்குத் தகுந்ததாக, பக்கத்தில் நிற்கும் தோழியைத் தலைகுனிய வைக்காததாக இருக்கட்டும். அடுத்த சுற்றுலாவிற்குப் பேருந்து வந்து நிற்கும்போது, காய்ச்சல் என்று சொல்லி யாரும் வீட்டில் தங்கிவிடக் கூடாது, தோழியரே!