வாயில்லாச் சீவனும் ஒப்பந்தமும்

புனேயில் வீடு பிடித்துத் தங்கியிருக்கும் நம் தமிழ் மாணவர்க்கு 11 மாத ஒப்பந்தம் இன்னதென்று எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தரகருக்கு ஒரு தொகை, வீட்டுக்காரருக்கு முன்பணம், பதிவுக்கு விரல் ரேகை. எல்லாம் முடிந்தபின் கையில் ஒரு கத்தைத் தாள். சென்ற ஆண்டு நாங்கள் நால்வர் கையெழுத்திட்ட தாளில் சுவரில் ஆணி அடிப்பது பற்றி ஒரு விதி இருந்தது. வண்ணப் பூச்சு பற்றி ஒன்று இருந்தது. குழாய் ஒழுகினால் செலவு யாருடையது என்பது பற்றியும் ஒன்று இருந்தது. விலங்குகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான். வளர்க்கக் கூடாது!

நாங்கள் வளர்த்தோம். ஆடி மழையில் மாடிப்படியின் கீழே நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டி அது. செந்நிறம், ஆகவே செம்பி என்று பெயரிட்டோம். அன்புக்குக் குறைவில்லை. நான்கு பேருடைய அன்பு அன்றோ! பாலை நினைவு வந்தவர் வாங்கினார். தடுப்பூசிக்கு அன்று யார் பையில் பணமிருந்ததோ அவர் கொடுத்தார். ஏப்ரலில் தேர்வு முடிந்தது. மே மாதம் ஒப்பந்தமும் முடிந்தது. ஒருவர் ஐதராபாத்துக்கு வேலைக்குச் சென்றார், ஒருவர் ஜெர்மனிக்கு மேற்படிப்புக்கு, ஒருவர் ஊருக்கு. நான் விடுதிக்கு வந்தேன். "செம்பியை யார் அழைத்துப் போவது?" என்ற கேள்வியை மற்ற மூவரில் ஒருவர் எழுப்புவார் என்று நால்வருமே காத்திருந்தோம்.

முடிவில் செம்பி அந்தக் கட்டடத்தின் வாயிற்காவலரிடம் நின்றுவிட்டது. மராத்வாடாவிலிருந்து வந்த முதியவர் அவர். நாங்கள் அவரைக் காக்கா என்று அழைப்போம். மராத்தியில் சிற்றப்பன் என்று பொருள். கரையும் பறவை அன்று. "போய் வாருங்கள் பிள்ளைகளே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். வளர்ப்பீரா என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. எந்தத் தாளிலும் கையெழுத்திடாத மனிதர் அவர் ஒருவரே. பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

இதை எண்ணி வெட்கப்பட்டுத்தான் சட்ட நூலைப் புரட்டினேன். விஞ்ஞான மாணவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று சட்டக்கல்லூரி நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒருவர் தம் உடைமையை மற்றொருவரிடம் ஒப்படைப்பது பற்றி ஓர் இயல் உண்டு. அந்த இயல் எங்கும் கால்நடைகளே உலவுகின்றன. 150ஆம் பிரிவின் எடுத்துக்காட்டில், முரட்டுக் குதிரை என்று தெரிந்தும் சொல்லாமல் ஒருவர் இரவல் தருகிறார், வாங்கியவர் விழுந்து காயமடைகிறார், தந்தவரே பொறுப்பு. 154ஆம் பிரிவில், காசிக்குப் போவதாகச் சொல்லிக் கல்கத்தாவில் வாடகைக்கு எடுத்த குதிரையைக் கட்டாக்குக்கு ஓட்டிச் செல்கிறார் ஒருவர். எவ்வளவு கருத்தாக ஓட்டினாலும், குதிரைக்குக் காயம் என்றால் அவரே பொறுப்பு. 163ஆம் பிரிவில், பார்த்துக்கொள்ளும்படி விட்டுச் சென்ற பசு கன்று ஈனுகிறது. பசுவோடு கன்றையும் திருப்பித் தரவேண்டும்.

தெளிவான சட்டம்தான், குறை சொல்வதற்கில்லை. ஒப்படைக்கப்பட்டதைச் சாதாரண அறிவுள்ள ஒருவன் தன் பொருளைக் காப்பதுபோலக் காக்கவேண்டும் என்று 151ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் கூர்ந்து பாருங்கள். அந்த எடுத்துக்காட்டுகளில் குதிரை ஓடுகிறது, விழுகிறது, காயமடைகிறது, குதிரைக்குப் பசிப்பதில்லை. அது கிழடாவதும் இல்லை. நட்டம் வந்தால் யார் தருவது என்பதுதான் அங்கே கேள்வி. குதிரையை யார் பார்ப்பது என்ற கேள்வி எழவே இல்லை.

'அந்நியன் எழுதிய சட்டம் வேறெப்படி இருக்கும்? நம் முன்னோர் இப்படியா செய்தார்கள்?' என்று பெருமூச்சு விடும் நண்பர் நம் சங்கத்தில் உண்டு. அவரைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைக்கிறேன்.

முதலாம் இராசராசன் (985–1014) காலத்துக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. கோயிலில் ஒரு நுந்தா விளக்கு எரிய நாள்தோறும் உழக்கு நெய் வேண்டும். அதற்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் இடையரிடம் ஒப்படைக்கப்பட்டன. (ஓர் எருமைக்கு மூன்று பசு, ஆறு ஆடு! கணக்கு எவ்வளவு ஒழுங்காக வருகிறது பாருங்கள்.) ஆடு கோயிலுடையது, பராமரிப்பு இடையருடையது, நெய் இறைவனுடையது. இந்த ஆடுகளுக்கு நம் கல்வெட்டுகள் இட்ட பெயர்தான் வியப்புக்குரியது: சாவா மூவாப் பேராடு. சாகாத, மூப்படையாத ஆடுகள்! செத்ததற்கும் கிழடானதற்கும் ஈடாகக் குட்டிகளை வளர்த்து இடையர் எண்ணிக்கையைக் குறையாமல் காக்கவேண்டும் என்பதே அதன் பொருள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்படி ஓர் ஏற்பாட்டைக் கண்டவர்களின் அறிவை நான் மெச்சுகிறேன். இடையருக்கும் அதில் நன்மை உண்டு. மந்தையை நன்றாக வைத்துக்கொண்டால் உழக்கு நெய்க்கு மேல் வருவது அவருக்கு. ஆகவே புல்லும் நீரும் தானாகவே கிடைத்திருக்கும். எனினும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. கல்லில் மூவாத ஆடு காட்டில் மூத்துத்தானே இருக்கும்? பால் வற்றிய அந்தக் கிழட்டு ஆட்டுக்கு என்ன ஆயிற்று? கல்வெட்டு அதைப் பற்றிப் பேசவில்லை. கணக்கில் 96 சரியாக இருந்தால் போதும். 1872இன் குதிரையும் இந்த ஆடும் ஒரே மந்தையைச் சேர்ந்தவை என்பேன். பெருமூச்சு விடும் நண்பர் என்னை மன்னிக்க.

எழுதாத ஒப்பந்தங்களும் நம்மிடம் உண்டு. எங்கள் பாட்டி இரண்டு வெள்ளாடுகளைப் பக்கத்துத் தெருவில் வாரத்துக்கு விட்டிருந்தார். ஈனும் குட்டிகளில் பாதி பாட்டிக்கு, பாதி வளர்ப்பவருக்கு. தாள் இல்லை, சாட்சி இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் பாட்டி அங்கே போவார். 'சும்மா பேசிவிட்டு வரலாம்' என்று சொல்லிக்கொண்டு போய், தொட்டியில் நீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். ஆட்டின் குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். ஒருமுறை ஆடு கழிந்தபோது மருந்துச் செலவில் பாதியைத் தாமே கொடுத்தார். அங்கே ஒப்பந்தத்தைக் காத்தது பாட்டியின் கால்நடை. நடந்து போன கால்களைச் சொல்கிறேன். ஐதராபாத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து எட்டிப் பார்க்க முடியுமா? தொலைவு வந்த இடத்தில் தாள் வேண்டியிருக்கிறது.

காக்காவிடம் பின்னொரு நாள் பேசிக்கொண்டிருந்தபோது வேறொரு செய்தி கிடைத்தது. இளமையில் அவர் கரும்பு வெட்டப் போனவர். சொந்தமாக ஒரு சோடி எருதுகள் வைத்திருந்தவர். தீபாவளி கழிந்ததும் பீட் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மேற்கு மகாராஷ்டிரத்துச் சர்க்கரை ஆலைகளுக்குப் புறப்படுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். முகாதம் என்னும் மேஸ்திரி முன்பணம் தருவார். அதற்கு உசல் என்று பெயர். வண்டியோடு வேலைக்குப் போகிறவர்க்குப் பெரும்பாலும் வண்டி ஆலையுடையது, வாடகைக்கு, எருது தொழிலாளியுடையது. டிராக்டர்கள் பெருகிவிட்ட போதிலும் அந்த வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. வண்டியின் அச்சு முறிந்தால் ஆலை கவலைப்படும், அது ஆலையின் சொத்து. எருதின் கால் முறிந்தால்? காக்காவின் எருதுகளில் ஒன்று பருவத்தின் நடுவில் விழுந்தது. முன்பணக் கடன் அப்படியே நின்றது. அதை அடைக்க மற்றொன்றையும் விற்றார்.

இத்தனைக்கும் இழுவை மாடுகளுக்கென்று 1965ஆம் ஆண்டு முதல் நடுவண் அரசின் விதிகள் உள்ளன. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது; இடையே ஓய்வின்றி 5 மணிக்கு மேல் ஓட்டக் கூடாது; வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 வரை பூட்டக் கூடாது. இந்த விதிகளைக் கேள்விப்பட்டதுண்டா என்று காக்காவைக் கேட்டேன். "கரும்பு காய்ந்தால் எடை குறையும் என்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன்" என்றார். டன்னுக்கு இவ்வளவு கூலி என்று பேசும் ஒப்பந்தம், அந்த டன்னை இழுக்கும் எருதின் மணிக்கணக்கைப் பேசாதவரை விதி ஏட்டில்தான் கிடக்கும். பைல் போளா நாளில் எருதுக்குப் பூரண் போளி ஊட்டுகிறார்கள். நாம் மாட்டுப் பொங்கலில் கொம்புக்கு வண்ணம் பூசுகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் மாலை, மற்ற நாள்களுக்கு ஒரு வரி கூட இல்லை.

இந்த இடத்தில் 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிச் சொல்லியாகவேண்டும். அதற்கு வித்திட்டவர் நடனக்கலைக்குப் புகழ்பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனியொரு உறுப்பினராக அவர் கொண்டுவந்த மசோதாவைத் தொடர்ந்தே அரசின் சட்டம் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கும் அவரே முதல் தலைவர். அச்சட்டத்தின் 2ஆம் பிரிவில் 'உடையவர்' என்பதற்குத் தரப்பட்ட விளக்கத்தைப் படித்தபோது திடுக்கிட்டேன். விலை கொடுத்து வாங்கியவர் மட்டும் உடையவர் அல்லர். அப்போதைக்கு எவர் கையில், எவர் காவலில் விலங்கு இருக்கிறதோ அவரும் உடையவரே. 3ஆம் பிரிவு அவர்மீதே நலம் பேணும் கடமையைச் சுமத்துகிறது. உணவும் நீரும் நிழலும் தராமை, பட்டினி கிடக்கும்படி கைவிடுதல் ஆகியவை 11ஆம் பிரிவின்கீழ்க் குற்றங்கள்.

நல்ல விளக்கம், விலங்குக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். நாங்கள் நால்வரும் இரயிலேறிய கணத்தில் சட்டத்தின் கண்ணில் செம்பியின் உடையவர் காக்கா ஆகிவிட்டார்! இருப்பவன் தட்டிக் கழித்து, இல்லாதவன் கையில் கொடுத்துவிட்டால், கடமையும் கூடவே போய்விடுகிறது. அவர் வாங்கும் சம்பளத்தில் நாய்க்கு ஊசி எப்படிப் போடுவார்?

பெரிய இடத்து விவகாரமும் இவ்வாறே. 2021 பிப்ரவரியில், மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி முகாமில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோயில் யானை அடிபடும் படக்காட்சி நாடெங்கும் பரவியது. நமக்கு ஜெயமால்யதா, அஸ்ஸாமில் அதன் பெயர் ஜொய்மாலா. 2022இல் மறுபடியும் குற்றச்சாட்டு எழ, அஸ்ஸாம் அரசு யானையைப் பார்க்கக் குழு அனுப்பியது. குத்தகைக்கு வந்த யானையைத் திருப்பித் தரவேண்டும் என்றது. யானை நலமே என்றது தமிழ்நாட்டு அரசு. வழக்கு நீதிமன்றம் ஏறியது. செய்தித்தாள்களில் யானை யாருக்குச் சொந்தம் என்ற வாதமே நிரம்பி வழிந்தது. பழகிய காட்டையும் பாகனையும் விட்டு ஈராயிரம் கல் தொலைவுக்கு மேல் வந்த உயிருக்குப் புதிய பாகன் யார், அவருக்குப் பயிற்சி தருபவர் யார், மூத்தபின் அது எங்கே நிற்கும் என்பவை அல்லவா குத்தகைக்கு முதல் வரிகளாக இருக்கவேண்டும்?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் நாள்தோறும் அதைக் காண்கிறேன். எலிக் கூண்டு ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கும். பிறந்த நாள், ஆய்வின் எண், பொறுப்பாளர் பெயர். விடுமுறையில் யார் பார்ப்பது என்று பட்டியல் உண்டு. ஆய்வு முடிந்தபின் அந்த உயிருக்கு என்ன ஆகும் என்பதை முதலிலேயே எழுதிக் கொடுத்தால்தான் நெறிமுறைக் குழு ஒப்புதல் தரும். சோதனைக்காக வளர்க்கும் எலியிடம் எனக்குப் பாசம் கிடையாது. அதன் முடிவும் இனியது அன்று. ஆயினும் அதற்கு ஓர் அட்டை உண்டு. மடியில் வைத்துக் கொஞ்சிய செம்பிக்கு இல்லாமற் போயிற்று.

'நாய்க்குட்டிக்கு ஒப்பந்தமா? அன்பை எழுதியா வைப்பது?' என்று கேட்பவர்க்கு என் விடை இதுவே: அன்பை எழுதவேண்டாம். மே மாதத்தை எழுதுங்கள். வீட்டில் விலங்கு வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்காரரின் இசைவைத் தாளில் பெறுங்கள். திருட்டுத்தனமாக வளர்த்த உயிரை வெளிப்படையாகக் காப்பாற்ற முடியாது என்பதை நாங்கள் பட்டறிந்தோம். பிறகு ஒரு பக்கம் போதும். யார் உணவு, யார் மருத்துவம், விடுமுறையில் யார், படிப்பு முடிந்தால் யாருடன், அவரும் முடியாதென்றால் யார்.

அப்படியொரு படிவத்தை எழுதிச் சங்கச் செயலாளரிடம் கொடுத்தேன். கடைசியாகப் பெறுபவரும் கையெழுத்திடவேண்டும் என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டேன். அறிவிப்புப் பலகையின் கீழே படிகள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம்.

முதல் படியை நிரப்பியது செம்பிக்காகத்தான். உணவு என்ற வரிக்கு எதிரே காக்கா மராத்தியில் கையெழுத்திட்டிருக்கிறார். சோறு போடுவதற்குப் பணம் வாங்க மறுத்துவிட்டார். மருத்துவம், ஊசி என்ற வரிக்கு எதிரே நால்வர் பெயரும் இருக்கிறது. ஐதராபாத்திலிருந்தும் ஊரிலிருந்தும் கையெழுத்தும் பணமும் வந்துவிட்டன. ஜெர்மனியிலிருந்து இன்னும் வரவில்லை.