களிம்பு பூசுகிறவர்கள்

‘தனி ஆள் நன்கொடை கொடுப்பதும், கடற்கரையில் ஆமை முட்டை பொறுக்குவதும் மனச்சாட்சிக்குப் பூசும் களிம்பு. இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை’ என்கிறார் நண்பர். பாதி சரி. ஆமைகளை வலையில் சிக்கவைத்துக் கொல்லும் இழுவைப் படகுகளுக்குக் கரையோரக் கடலில் தடை போடத் தமிழ்நாட்டில் 1983-லேயே சட்டம் வந்தாயிற்று. அதை அமல்படுத்த எந்தத் தன்னார்வலராலும் ஆகாது.

மீதிப் பாதிக்கு வருவோம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. செய்தி பெரிதான பிறகே பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது. நாளிதழ்களுக்கு எண்ணிக்கை எங்கிருந்து கிடைத்தது? மணலில் நடந்தவர்களும் எண்ணிச் சொன்னதால்தான்.

1988 முதல் மாணவர் அமைப்பொன்று நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவெல்லாம் நடக்கிறது. தடம் பார்த்து, கம்பால் மணலைக் குத்தி, இளகிய இடத்தில் தோள்வரை கையை விட்டு, நூறு சொச்சம் முட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்கு மாற்றுகிறார்கள். பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். ஏறக்குறைய 45 நாளில் குஞ்சு வெளிவரும். இதில் களிம்பு எங்கே? முதுகுவலிதான் மிச்சம்.

அரசைக் கேள்வி கேட்பவர்களும் பெரும்பாலும் இவர்களே. வீட்டில் இருந்தபடி ‘அமைப்பு மாற வேண்டும்’ என்பவர்கள் ஒரு மனுகூட எழுதிப் பார்த்ததில்லை.

வார இறுதி நடைகளில் பொதுமக்களும் சேரலாம். பிப்ரவரியில் நண்பர் ஓர் இரவு வரட்டும். வாதத்தை அங்கே தொடரலாம்.