கல்லறைச் செபம் யார் பொறுப்பு?

2020 மே மாதம் சென்னை மாநகராட்சியின் மண்டலங்களிலேயே கொரோனா மிகக் கடுமையாகப் பரவியது ராயபுரத்தில். புனித இராயப்பர் ஆலயத்தைச் சுற்றியும் காசிமேட்டிலும் வாழும் கத்தோலிக்கர்களுக்கு ஒரு சாவு என்றால் ஊரே கூடும். வீட்டில் இரவு முழுக்கச் செபமாலை, கோயிலில் பூசை, குழியருகில் மந்திரிப்பு, கடைசியாக ஆளுக்கொரு பிடி மண். அந்த மாதங்களில் இதில் பெரும்பகுதி போனது. ஆஸ்பத்திரியிலிருந்து பையில் கட்டிய உடல் நேரே கல்லறைக்குப் போனது. உடன் செல்ல 20 பேருக்குத்தான் அனுமதி.

செபத்தை மட்டும் யாரும் தடுக்கவில்லை. மத்திய சுகாதாரத் துறை 2020 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதல், உடலைத் தொடாமல் மறைநூல் வாசிக்கலாம், தீர்த்தம் தெளிக்கலாம் என்றே சொன்னது. தட்டுப்பாடு, நின்று செபிக்கும் ஆளுக்குத்தான். இரண்டாம் அலையில் நாடு முழுவதும் நூற்றுக்கும் மேற்பட்ட குருக்கள் இறந்தார்கள். புதுவை - கடலூர் முன்னாள் பேராயர் அந்தோணி ஆனந்தராயர் 2021 மே 4 அன்று காலமானார்.

உடல்களை அடக்குவதற்கே எதிர்ப்பும் இருந்தது. 2020 ஏப்ரல் 19 இரவு வேலங்காடு மயானத்தில் கும்பல் தாக்கியதில் எல்லாரும் சிதறிய பிறகு, கொரோனாவில் இறந்த மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைத் திரும்ப எடுத்துவந்து, மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடியவர் அவருடைய சக மருத்துவர் பிரதீப்குமார். அடக்கத்தைத் தடுப்போருக்குச் சிறை என்று தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது அதன் பிறகுதான். தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத் (தமுமுக) தொண்டர்கள் மதம் பார்க்காமல் உடல்களை அடக்கம் செய்தார்கள். உடலுக்கான மரியாதையைச் சட்டமும் தொண்டர்களும் காத்தார்கள். செபத்தைக் காக்க வேண்டியது திருச்சபை.

அதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது. பூசைக்குக் குரு வேண்டும். கல்லறைச் செபத்துக்குக் குரு கட்டாயமில்லை. ஆயர் பேரவை ரோமின் இசைவோடு அனுமதித்தால் பொதுநிலையினரும் அடக்கச் சடங்கை நடத்தலாம் என்கிறது 1969-இன் சடங்கு முறை. குருக்கள் பற்றாக்குறை உள்ள இடங்களில் ஆயர் இப்பொறுப்பைப் பொதுநிலையினரிடம் ஒப்படைக்கலாம் என்று 2020 ஜூலையில் வத்திக்கானும் எழுதியது. லிவர்பூல் உயர்மறைமாவட்டம் 2012-லேயே ஆட்களைப் பயிற்றுவித்து நியமித்தது.

நமக்கும் இது புதிதல்ல. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் ஊர்தோறும் செபத்தை நடத்தக் கணக்கப்பிள்ளைகளை நியமித்துத்தான் அடுத்த ஊருக்குப் போனார். டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1658 முதல் யோசேப்பு வாஸ் அடிகளார் இலங்கை வந்த 1687 வரை குருக்கள் இல்லாமலே அங்கே விசுவாசம் உயிரோடிருந்தது. இன்றும் நம் கிராமங்களில் உபதேசியார் இருக்கிறார்.

பிறகு ஏன் தயக்கம்? 'சாமியார் வராத சாவு' என்றால் அவமானம். இதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது 1917-இன் திருச்சபைச் சட்டம். 1983-இன் சட்டத்தில்தான் அது நீங்கியது. சாமியார் வராததே தண்டனையாக இருந்த காலத்தை மக்கள் மறக்கவில்லை. ஆகவே பேரிடர் நாளில் திடீரென ஒரு பொதுநிலையினரை அனுப்பினால், தங்கள் வீட்டுச் சாவை மட்டம் தட்டுவதாகவே குடும்பம் நினைக்கும். பழக்கம் சாதாரண நாளில் தொடங்க வேண்டும். பங்குத்தந்தை அருகில் நிற்கும்போதே அன்பியத்தின் (பங்கிலுள்ள சிறு கிறிஸ்தவக் குழுவின்) பொறுப்பாளர் வாசகத்தையும் மன்றாட்டையும் நடத்தட்டும். ஊர் பார்த்துப் பழகட்டும்.

வடசென்னைக்கு இது அவசரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. ஆலைகளுக்கும் கடலுக்கும் நடுவே வாழும் மக்களுக்கு அடுத்த ஆபத்து சொல்லிக்கொண்டு வராது.

எனவே சென்னை - மயிலை உயர்மறைமாவட்டம் ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பங்குகளில் அன்பியத்துக்கு இருவரைத் தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். சாவு வீட்டில் இரவெல்லாம் செபமாலையை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தானே. உரிய அனுமதி பெற்று, பயிற்சியும் பேராயர் கையொப்பமிட்ட நியமனக் கடிதமும் கொடுக்கட்டும். அவர்கள் பெயரைப் பங்குப் பேரவை கோயிலில் எல்லாரும் அறிய வாசிக்கட்டும். நம்மைச் சேர்ந்த ஒருவரையும் செபமின்றிப் புதைக்க விடமாட்டோம் என்று திருச்சபை சொல்வதற்கு இதைவிடத் தெளிவான வழி இல்லை.